மூணு தடவை கூப்பிட்டான்

இரும்பு வெட்டுகிற கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தால் பட்டறைக்காரருக்கு நிம்மதி. அது நடுவில் நின்றால்தான் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

மருமகள் வேலை செய்கிற விதம் அப்படி. இரும்புப் பட்டையில் சக்கரத்தை வைப்பாள், பொறி பறக்கும், பாதி வெட்டுகூட ஆகியிருக்காது, சட்டென்று அணைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். வீட்டுப் பக்கம் ஒரு தடவை, தெருப் பக்கம் ஒரு தடவை. யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி ஓட்டுவாள். வாடிக்கைக்காரர்கள் "என்னம்மா, அடிக்கடி கரண்ட் போகுது உனக்கு மட்டும்?" என்று கேலி பண்ணுவார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். வேலையில் மட்டும் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. பட்டறைக்காரருக்குக் கண் மங்கிப்போய், வெல்டிங் வைத்த இடமும் வைக்காத இடமும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்ததிலிருந்து பட்டறையே அவள் கையில்தான் ஓடுகிறது. அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அளவு சொல்லுவார். அது பேருக்கு. அவர் சொல்லாவிட்டாலும் அவளுக்கு அளவு தெரியும்.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு மாமா."

"யாரும் கூப்பிடலை."

"சரி மாமா."

இதே பேச்சு காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நடக்கும். வேறு பேச்சு அவர்களுக்குள் ரொம்பக் கிடையாது.

காது கொடுக்கிற இந்த வியாதி அவளுக்குப் பிறவியில் வந்தது இல்லை. பட்டறைக்காரர் கொடுத்தது. எப்படி என்பதைச் சொல்லிவிட்டால்தான் மேலே போக முடியும்.

அவள் புருஷன், பட்டறைக்காரரின் ஒரே மகன், பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தவன். கை கால் எல்லாம் பத்திரம். அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு கால் போயிருந்தால் ஊர் உச்சுக் கொட்டியிருக்கும். இவனுக்கு வெளியில் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. கட்டிலில் படுக்காமல் கட்டிலுக்கு அடியில் படுப்பான். பட்டறையில் சுத்தியல் கை தவறி விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். வெல்டிங் வெளிச்சத்திலேயே வளர்ந்த பிள்ளை, அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாந்தி எடுத்தான். அம்மாக்காரி, உடம்பு தேறினால் எல்லாம் சரியாகும் என்று முட்டையும் பாலுமாகக் கொடுத்தாள். பெண்டாட்டி தலையணையை எடுத்துக்கொண்டு தானும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். அப்பா மட்டும் அப்பாவாகவே இருந்தார்.

"சும்மா தின்னுட்டு உக்காந்திருக்கியே, மாடியில தண்ணி டாங்கியாவது கழுவு. அதுக்கும் நான் ஆள் வைக்கணுமா?" என்றார் ஒரு நாள் காலையில். அவன் போய் ஏணியை எடுத்தான்.

பட்டறை வாசலில் நின்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகன் ஏறினான், டாங்கிக்குப் பக்கத்தில் நின்றான், கீழே அப்பாவைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. ஏணி அசையவில்லை. கால் வழுக்கவில்லை. தானாகத்தான் போனான்.

ஓடி வந்தவர்களிடம் வழுக்கிவிட்டது என்று அவர் சொன்னது முதல் பொய். செத்த பிள்ளையைக் கோழை என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே என்ற பாசம் அதில் இருந்தது. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. இரண்டாவது பொய் வேறு ஜாதி. அந்த வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு, ஏணியில் யார் ஏறினாலும் கீழே ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்காரர் போட்ட கண்டிப்புதான். அவர் பெண்சாதி மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வாசல்லதானே இருந்தீங்க? பிடிக்கக்கூடவா ஆள் இல்லை என் பிள்ளைக்கு?"

அந்தப் பார்வைக்கு அவரால் ஈடு கொடுக்க முடியவில்லை. "நான் உள்ள இருந்தேன். அவன் இவளைத்தான் கூப்பிட்டான். ஏணியைப் பிடிக்க வான்னு மூணு தடவை கூப்பிட்டான், எனக்கே கேட்டுச்சு. இவ வந்திருப்பான்னு நினைச்சேன்" என்று மருமகளைக் கைகாட்டிவிட்டார்.

மருமகள் சோப்பு நுரைக் கையோடு நின்றாள். வீட்டுக்குள் துணி துவைக்கிற மெஷின் தடதடவென்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின், ஓடினால் பாத்திரமெல்லாம் நடுங்கும். "மெஷின் ஓடிட்டு இருந்துச்சு" என்றாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்றால் அதுதான். அதற்கு மேல் அவளை விசாரிக்க யாருக்கும் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து மெஷின் மேல் ஒரு போர்வை. அவள் கையாலேயே துவைக்கிறாள். மழை அடித்தாலும் கதவைச் சாத்த மாட்டாள். குளிக்கும்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாள், யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமாம். மாமியார் நாளுக்கு ஒரு தடவையாவது ஆரம்பிப்பாள். "மகாராணிக்கு மெஷின் ஓடிட்டு இருந்துச்சாம். என் பிள்ளை தொண்டை கிழியக் கத்தியிருக்கான்." அவள் தலையைக் குனிந்துகொண்டு சோறு போடுவாள். அவளுடைய அண்ணன் வருஷம் தவறாமல் வந்து, "உனக்கென்ன வயசு? வேலை தெரிஞ்ச பொண்ணு, என்கூட வந்துடு" என்று கூப்பிடுவான். "அவங்களைப் பார்த்துக்கிட்டாதாண்ணா எனக்குச் சோறு இறங்கும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். அண்ணன் வருகிற மாதம் நெருங்கினால் பட்டறைக்காரருக்குத் தூக்கம் வராது. அவள் திருப்பி அனுப்பிய பிறகு நன்றாகத் தூங்குவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் கல் வந்து விழுந்தது.

சண்டைக்குப் போன ஆட்களுக்காக ஒரு சங்கம் இருந்தது. கடைத்தெரு முக்கில் ஒரு நினைவுக்கல் வைப்பது, சுற்றி இரும்பு வேலி போடுவது என்று முடிவு பண்ணினார்கள். வேலி வேலை பட்டறைக்கு வந்தது. சங்கத் தலைவருக்கு மேஜர் என்று பட்டப்பெயர். பட்டாளத்தில் அவர் உருளைக்கிழங்கு மூட்டையை எண்ணி உள்ளே வைக்கிற வேலை பார்த்தவர். ஆனால் மீசையைப் பார்த்தால் எதிரிப் படை முழுவதையும் தனியாளாக விரட்டியவர் என்றுதான் தோன்றும்.

யார் யார் பேரை வெட்டுவது என்பதில்தான் தகராறு. களத்தில் செத்தவர்கள் பேர் மட்டும் என்றார் மேஜர். பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா எழுந்து, திரும்பி வந்து தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டவர்கள் பேரும் வேண்டும் என்றாள். அவளுடைய தம்பி அப்படிப் போனவன். அதை அவள் என்றைக்கும் மறைத்ததில்லை.

"கோழைங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டச் சொல்றீங்களா?" என்றார் மேஜர்.

"இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல விளக்கை அணைச்சுட்டுத் தூங்குறவங்க யாரு? கையைத் தூக்குங்க பார்க்கலாம்" என்றாள் நர்ஸம்மா.

ஒரு கையும் எழும்பவில்லை. மேஜர் கையும் மடியிலேயே கிடந்தது. அவள் சொன்னது நிறைவேறிவிட்டது. தோற்ற எரிச்சலில் மேஜர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். "சரி. களத்துல போனவன், தன் கையால போனவன். அவ்வளவுதான். குடிச்சுச் செத்தவன், வண்டியில அடிபட்டவன், ஏணியில வழுக்கினவன், இவங்களுக்கெல்லாம் கல்லு கிடையாது." ஏணி என்று சொல்லும்போது பட்டறைக்காரரைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னதும் பெண்சாதி உலையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தன்னை மாய்ச்சுக்கிட்டவனுக்கெல்லாம் கல்லு. என் பிள்ளைக்கு இல்லையா?"

"விபத்துன்னா இல்லைன்னுட்டாங்க."

"வேலி மட்டும் நம்ம வீட்டு வேலி வேணுமா அவங்களுக்கு?"

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். மருமகள் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அப்ப நீங்களும் போய் அப்படியே சொல்லிடுங்க."

"எப்படி?"

"அவனாத்தான் போனான்னு. ஒரு பொய்தானே? நாக்கு அழுகிடாது. பிள்ளை பேருக்காக அப்பன் ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

பட்டறைக்காரர் டீ டம்ளரைத் தரையில் வைத்தார்.

"ஏன் போனான்னு கேப்பாங்களே" என்றார்.

"வீட்டுல நிம்மதி இல்லைன்னு சொல்லுங்க. யாரால நிம்மதி இல்லைன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க. அவ பேர் கெட்டா என்ன, நல்லா இருந்த பேரா அது?"

பெற்றவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவர் சொன்ன பொய். அதை நிஜம் என்று நம்பி, நிஜத்தைப் பொய் என்று நினைத்துப் போய்ச் சொல்லச் சொல்கிறாள். பட்டறைக்காரருக்கு இதில் ஒரு வசதி தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்ததை வெளியே துப்பிவிடலாம், வீட்டில் ஒரு செங்கல்கூட அசையாது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார். "என் மகன் வழுக்கி விழலை. நான் பார்த்தேன். ஏறினான், என்னைப் பார்த்தான், போயிட்டான். ஏணி ஆடலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா? பொண்டாட்டி கூட?" என்றார் மேஜர்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குக் கண் வேண்டியதில்லை, தெம்பு வேண்டியதில்லை. அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையைப் பார்த்து எல்லோரும் தங்களுக்கு வேண்டியதைப் புரிந்துகொண்டார்கள். "பாவம், பொம்பளை படுத்துற பாடு" என்று பின்னால் யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது. பேரைச் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று.

மேஜர் அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார். கல்லைத் திறக்கிற அன்று ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை கூப்பிடுவார்களாம். சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தில் அப்படித்தான் ஆள் கணக்கு எடுப்பார்கள், மூன்றாவது தடவைக்கும் பதில் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். இங்கே முதல் இரண்டு தடவை எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டும், மூன்றாவதுக்கு அந்த வீட்டு ஆள் ஒருவர் 'ஆஜர்' என்று சொல்ல வேண்டும். பெண்டாட்டி இருந்தால் பெண்டாட்டிதான். பட்டறைக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். மறுத்துப் பேச ஒரு காரணம் தேடினார், அகப்படவில்லை.

வெளியே வந்தபோது நர்ஸம்மா கூடவே வந்தாள்.

"பொய் சொல்றவங்க இவ்வளவு கம்மியா சொல்ல மாட்டாங்க" என்றாள். "உங்க மருமகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தப் பொண்ணு நிறுத்தி நிறுத்தி வேலை செய்யுறதை நான் போகும்போது வரும்போது பார்க்கிறேன். சொல்லிடுங்கய்யா."

"சொன்னா போயிடுவா."

"போகட்டுமே."

"எனக்குக் கண்ணு தெரியலைம்மா. அவ போனா பட்டறையை மூடணும். என் வீட்டுக்காரிக்கு நிஜம் தெரிஞ்சா அவ உசிரோட இருக்க மாட்டா."

"நான் வந்து பக்குவமா சொல்லட்டுமா?"

பட்டறைக்காரர் நின்றார். மங்கின கண்ணை அவள் முகத்தில் நாட்டினார்.

"சொல்லுங்க. நான் நாளைக்கே சங்கத்துல போய், கல்லுக்காகப் பொய் சொன்னேன்னு சொல்லிடுவேன். மேஜர் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கார். ஒருத்தன் பொய்னா எல்லாரும் பொய்தான்னு உங்க தம்பி பேரையும் சேர்த்து எடுத்துடுவார். பரவாயில்லையா?"

நர்ஸம்மா எத்தனையோ பேர் சாவைக் கிட்ட இருந்து பார்த்தவள். அவளே இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். கோழி திருடக்கூடத் தைரியம் இல்லாத மனுஷன் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்த ஆள் அவர். தேவைப்பட்டால் தைரியம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

வேலி வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்தது. மருமகள் கம்பிக்குக் கம்பி வெல்டிங் ராடு வைத்து, ஆறின பிறகு சின்னச் சுத்தியலால் கசடைத் தட்டித் தட்டி உதிர்த்தாள். வெயில் தகரக் கூரையில் காய்ந்தது. பட்டறைக்காரர் ஸ்டூலில் விசிறிக்கொண்டிருந்தார். அவள் முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சோடாத் தூளிலும் சோப்பிலும் வெடித்த கை, விரலெல்லாம் துணிச் சுற்று.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"கல்லுல பேர் வர்றதுக்காக நீங்க பொய் சொல்லிட்டு வந்தீங்கன்னு அத்தை சொன்னாங்க. என்னாலதான் போனார்னு பேசிக்கிறாங்களாம். அது பரவாயில்லை. ஏற்கெனவே என்னாலதானே." விரல் சுற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நேத்து கடையில நர்ஸம்மா என்னைப் பார்த்து அழுதாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுமே சொல்லாம அழுதாங்க. எதுக்கு மாமா?"

"அவங்க தம்பி நினைப்பா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க அங்க சொன்னதுதான் நிஜமோன்னு." அவள் குரல் மெல்லிசாயிற்று. "நிஜமா இருந்தா தப்பா நினைக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அத்தைகிட்டகூட. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அவர் என்னைக் கூப்பிட்டாரா, கூப்பிடலையா?"

பட்டறைக்காரருக்கு அவள் முகம் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கிரைண்டர் அணைந்திருந்தது. வீட்டுப் பக்கம் பெண்சாதி பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. மருமகளின் அண்ணன் அடுத்த வாரம் வருகிறான். மூடின ஷட்டரை நினைத்தார், அதன் பின்னால் தானும் பெண்சாதியும் மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தார். பாவம் என்றுதான் இருந்தது அவருக்கு, அதை இல்லை என்று சொல்ல முடியாது. நெஞ்சு நிஜமாகவே வலித்தது.

"கூப்பிட்டான்மா" என்றார். "மூணு தடவை."

"சரி மாமா" என்றாள். முகமூடியை இறக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அண்ணன் வந்தான், வழக்கம்போலத் தனியாகத் திரும்பிப் போனான்.

கல்லை நட்டு, வேலியைப் பொருத்தி, திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார் மேஜர். காலை வெயிலில் எல்லோரும் முக்கில் கூடினார்கள். கல் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. மேஜர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்று பேர் கூப்பிட ஆரம்பித்தார். நல்ல தொண்டை, சும்மா சொல்லக் கூடாது. இரண்டு தடவைக்கு மௌனம், மூன்றாவதுக்கு அந்தந்த வீட்டுத் தாயோ தகப்பனோ 'ஆஜர்' என்றார்கள். நர்ஸம்மா தம்பிக்காகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டறைக்காரர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பட்டறைக்காரர் மகன் பேர் வந்தது. மேஜர் பேரை முடிக்கக்கூட இல்லை.

"இருக்கேன், தோ வந்துட்டேன்" என்று மருமகள் ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

நாலு பேர் சிரித்தார்கள். "மூணாவதுக்குத்தாம்மா சொல்லணும். 'ஆஜர்'னு மட்டும் சொல்லணும். எங்கயும் வர வேண்டாம்" என்றார் மேஜர். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் முதல் சத்தத்துக்கே அவள் வாய் திறந்துவிட்டது. பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது, அப்படி என்ன அவசரம்?"

"அன்னிக்கு இல்லாத அவசரம்" என்றாள் மாமியார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

"இன்னொரு தடவை பார்ப்போம். ரெண்டு தடவை கூப்பிடுறவரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது. புரியுதா?"

அவள் தலையை ஆட்டினாள். தன் கையால் வெல்டிங் வைத்த வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மேஜர் கூப்பிட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பட்டறைக்காரருக்குப் பக்கத்தில்தான் நின்றாள், அவள் உடம்பு நடுங்குவது கம்பி வழியாக அவர் கைக்கு வந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டார். துணிச் சுற்றில் ரத்தம் ஊறியது. அந்தப் பேச்சில்லாத இடைவெளியில் தெருவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் கூப்பிட, அவள் பேசாமல் நிற்கிறாள். என்றைக்கும் நடக்காத ஒன்று இப்போது எல்லோர் கண்ணெதிரேயும் நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள், காற்றுதான் வந்தது.

மேஜர் காத்திருந்தார். மாமியார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நர்ஸம்மா இப்போதுதான் திரும்பினாள், மருமகளைப் பார்க்கவில்லை, பட்டறைக்காரரைப் பார்த்தாள். அவருக்கு அந்தப் பார்வை தெரிகிற அளவுக்குக் கண் இருந்தது.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"அடுத்த பேரைக் கூப்பிடுங்க மேஜர்" என்றார். "வெயில் ஏறுது."